நிம்மதி எலிகளுக்கு வயிற்றால் போன கதை

திங்கட்கிழமையிலிருந்து நான் எலி ரூமுக்குள் வரமாட்டேன். நம் ஆராய்ச்சிக்கூடத்தின் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பெயரை நோட்டில் எழுதப் போகிறேன். வயது இருபத்தெட்டுதான் ஆகிறது. ஆனால் எலி முடி பட்டால் மூக்கு ஒழுகுகிறது, கை தடித்துப்போகிறது. "ஏழு வருசம் எலியோட பொழங்குனவன், இப்ப எலியப் பாத்தாலே ஒன் ஒடம்பு சண்டைக்கு நிக்கிதுடா" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் இதை ரிட்டயர்மெண்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாலையெல்லாம் வேண்டாம். ஒரு டீ போதும்.

தம்பி, தங்கச்சி, எனக்குப் பதிலாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தண்ணீர் பாட்டில் சொருகுவது எல்லாவற்றையும் முத்துக்காளை அண்ணன் இரண்டு நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவார். மூன்றாவது நாளிலிருந்து அவர் வேலையையும் சேர்த்து உங்களையே செய்ய வைத்துவிடுவார். அது உங்கள் பாடு. நான் பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் என்னால் ஒருவருடைய ஐந்து வருட உழைப்பு வீணாகப் பார்த்தது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த ஒருவர் ராஜி அக்கா. வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். டாக்டர் பட்டத்துக்காக இங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா ஆடு வளர்ப்பவர். அடிக்கடி போன் பண்ணுவார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எலிப் புழுக்கையை எடை போட்டுக்கொண்டே பேசுவார்.

"ஏம்மா, எலிக்கு வயிறு போகுதா இல்லையான்னு பாக்கவா அஞ்சு வருசம்? நம்ம ஆட்டுக்குப் போனா நான் அஞ்சு நிமிசத்துல சொல்லிருவேன்ல?"

"ஏன் போகுதுன்னு பாக்குறேன்ப்பா."

"எதையோ திங்கிது, போகுது. இதுல என்னத்த பாக்குறது?"

"பயந்தாலும் போகுதுப்பா."

அந்தப் பக்கம் ஓர் ஆட்டை அதட்டுவார். பிறகு, "அது எனக்கே தெரியுமே! பிளஸ் டூ பரிச்சைக்குக் கெளம்புறப்ப நீ எத்தன தடவ உள்ள போயிட்டு வந்த?" என்பார்.

அக்கா சிரிப்பார். எங்களுக்கு வேறு மாதிரி விளக்குவார்.

"குடலுக்குள்ள ஒரு போலீஸ் ஸ்டேஷனே இருக்கு பாண்டி. திங்கிறதோட சேந்து உள்ள வார கிருமியப் பிடிக்கிறதுதான் அதோட வேல. அந்தப் போலீசுக்கு நரம்பு வழியா தகவல் போய்க்கிட்டே இருக்கும். குடலுக்குன்னே தனியா நரம்புக் கூட்டம் இருக்கு, மூளையில இருந்தும் நரம்பு வருது. பயம் வந்துருச்சுன்னு வையி, 'ஓடணும், இல்லாட்டி சண்ட போடணும், மத்ததெல்லாம் அப்பறம்'னு நரம்பு ஆர்டர் போட்ரும். சித்திரத் திருவிழா அன்னைக்கு ஊர்ப் போலீஸ் பூராம் ஆத்துப்பக்கம் பந்தோபஸ்துக்குப் போயிருதுல்ல? அப்ப தெருவுல என்ன நடக்கும்?"

"பூட்ட ஒடைப்பான்."

"அதேதான். கிருமிக்கு அன்னைக்குத்தான் திருவிழா."

முத்துக்காளை அண்ணன் உமி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க தெருவுல போலீஸ் இருக்குறப்பவும் ஒடைக்கிறாய்ங்க."

இதை நிரூபிக்கத்தான் இரண்டு ரூம். ஒன்று பயந்த எலிகளின் ரூம். அங்கே ஒவ்வொரு எலியையும் தினமும் அரை மணி நேரம், காற்றுத் துளை போட்ட ஒரு குழாய்க்குள் திரும்ப முடியாமல் வைப்பார்கள். இன்னொன்று நிம்மதி எலிகளின் ரூம். அங்கே ஒரு தொந்தரவும் கிடையாது. பிறகு இரண்டு ரூம் எலிகளுக்கும் ஒரே கிருமியை ஒரே அளவு கொடுப்பார்கள். பயந்த எலிக்கு வயிறு போக வேண்டும், நிம்மதி எலி தாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி நடந்தால் அக்காவுக்குப் பட்டம்.

பயந்த ரூமுக்கு முத்துக்காளை அண்ணன். நிம்மதி ரூமுக்கு நான். ஆராய்ச்சிக்குத் தலைமையான எங்கள் மேடம்தான் அப்படிப் பிரித்தார். கதவுக் கண்ணாடி வழியாக என்னைக் காட்டி எல்லோரிடமும் சொல்வார்: "பாண்டி கை பதமான கை. கூண்டுக்குள்ள கை வச்சான்னா எலி அசையாம அப்படியே இருக்கும் பாருங்க."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் வீட்டுக் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் எனக்கு எழுத வராது. பரவை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் அம்மா வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை செய்தது. போன வருடம் பொங்கல் முடிந்த வாரம், மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டது. வீட்டில் அம்மாவும் நானும்தான். பிறகு நானும் தாசில்தாரும்.

தாசில்தார் என்பது பூனை. மார்க்கெட்டிலிருந்து அம்மா தூக்கிவந்தது. பெயரும் அம்மா வைத்ததுதான். "எப்பப் பாத்தாலும் சீட்டுல இருக்காது, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கரெக்டா வந்துரும்" என்று காரணம் சொன்னது. அம்மா போனதும் அது அம்மாவின் மஞ்சள் பூப்போட்ட சேலை மேல் ஏறிப் படுத்ததுதான், சாப்பிட மட்டும் இறங்கும்.

நான் அந்தச் சேலையின் முந்தானையில் ஒரு சாண் கிழித்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். அவ்வப்போது மூக்கில் வைத்துக்கொள்வேன். வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துச் சேலை மேல் போடுவேன், காலையில் எடுத்துக் கட்டுவேன். எலி ரூமுக்குள் போவதற்கு முன்னால் வெளி உடுப்பு எல்லாவற்றையும் கழற்றி, குளித்து, உள் உடுப்பு மாட்ட வேண்டும். நூல் துண்டுகூட உள்ளே போகக்கூடாது. நீங்கள் கையெழுத்துப் போட்ட அதே பேப்பரில் நானும் போட்டிருந்தேன். குளித்து முடித்ததும் துணியைத் திரும்பக் கட்டி, கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொள்வேன். ஒரு சாண் துணி யாரை என்ன செய்யும் என்று நினைத்தேன்.

மாசி மாதம் முதல் சுற்று. பயந்த எலிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு வயிறு போனது. அக்காவுக்குச் சந்தோஷம். அந்தப் பக்கம் நிம்மதி எலிகளுக்கும் போனது. இவற்றைவிட அதிகமாகவே போனது.

"என்னடா இது, நிம்மதியா இருந்தா இம்புட்டுப் போகுமா?" என்றார் அண்ணன். "அப்ப நான் சும்மா இருக்கேன்னு எம்பொண்டாட்டி திட்டுறது சரிதான் போல."

தீவனத்தை மாற்றினோம். தண்ணீரை மாற்றினோம். சித்திரையில் இரண்டாவது சுற்று. திரும்பவும் அதே கதை. அப்போது பக்கத்துத் தெருவில் கோயில் திருவிழா, காலையிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு. சத்தம்தான் எலியைப் பயமுறுத்துகிறது என்று முடிவு செய்து, என்னையும் முத்துக்காளை அண்ணனையும் மேடம் அனுப்பினார்.

விழாக் கமிட்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்னண்ணே விசயம்?"

"சவுண்டக் கொஞ்சம் கொறைக்கணும். அங்கன நோயாளிங்க இருக்காங்க."

"ஆஸ்பத்திரியே இல்லையே இங்கிட்டு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் வராது. "எலிங்கண்ணே. வயித்தால போகுது."

அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டு எலிக்கும் இதே பாட்டத்தான் போடுறோம். அது இன்னும் நாலு சொந்தக்காரவுகளக் கூட்டிட்டு வருதே தவிர ஒண்ணுக்கும் வயிறு போகலையே?"

அவர் ஊற்றிக் கொடுத்த கூழைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். திருவிழா முடிந்து பாட்டு நின்றது. வயிறு நிற்கவில்லை.

அதற்கப்புறம் அண்ணன் தன் வழியில் இறங்கினார். ஒரு நாள் காலையில் நிம்மதி ரூம் கதவில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. மேடம் போட்ட சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. "கண்ணு பட்ருக்கு மேடம், வெள்ள வெளேர்னு இருக்குல்ல" என்றார் அண்ணன். மேடம் மிளகாயை அவர் கையிலேயே கொடுத்தார். மத்தியானம் அதைக் கடித்துக்கொண்டு மோர்ச்சோறு சாப்பிட்டார்.

மூன்றாவது சுற்றுக்கு மேடம் எலி கொடுத்தபோது சிரிப்பு இல்லை. "ராஜி, இதுதான் கடைசி. இதுலயும் இப்படியே வந்தா இந்த ஆராய்ச்சிய மூடிருவோம்." அக்காவுக்கு உதவித்தொகைக் காலமும் முடிகிற நேரம். ஐந்து வருடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்றைக்கு அவர் அப்பாவின் போனை எடுக்கவில்லை.

ஆடி மாதம் மூன்றாவது சுற்று தொடங்கியது. கிருமி கொடுத்த அன்றைக்கே என் வயிறு சுத்தமாகக் கெட்டுப்போனது. அம்மா போனதிலிருந்தே எனக்குச் சரியில்லை. சிம்மக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டினேன், எல்லா டெஸ்டும் நல்லபடியாக வந்தது, வயிறு மட்டும் நல்லபடியாக வரவில்லை. எலி ரூமில் வயிறு கெட்டவன் நுழையக்கூடாது. நான்கு நாள் லீவு. இரண்டு ரூமையும் அண்ணனே பார்த்தார்.

ஐந்தாம் நாள் குணமாகித் திரும்பினேன். ஏழாம் நாள் அக்கா என்னையும் அண்ணனையும் மேடம் ரூமுக்குக் கூப்பிட்டு நோட்டை விரித்தார்.

"பாண்டி லீவுல இருந்த நாலு நாளும் நிம்மதி எலிக்குப் புழுக்க கெட்டியா இருந்துருக்கு மேடம். பயந்த எலிக்கு மட்டுந்தான் போயிருக்கு. அவன் வந்த மறுநாளே இதுகளுக்கும் ஆரம்பிச்சிருச்சு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாண்டி, நீ ஏதாச்சும் வித்தியாசமா செய்றியா? புது எண்ணெய், சென்ட், எதாச்சும்?" என்று கேட்டார் மேடம்.

"அவன் பச்சப்புள்ளையப் பாக்குற மாதிரி பாத்துக்கிறான் மேடம்" என்றார் அண்ணன். "ஆத்தா போன துக்கம். அது எலிக்கும் தொத்திருச்சு போல."

மணிக்கட்டில் துணி இருந்தது. கோட்டுக் கைக்குள் அது சூடாக இருப்பதுபோலத் தோன்றியது. வாயைத் திறந்தால் வேலை போகும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கழற்றச் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் முதலில் வந்தது.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

பொய் வராது என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வந்தது.

சாயந்திரம் வீட்டுக்குப் போய் வழக்கம்போலத் துணியை அவிழ்த்துச் சேலை மேல் போட்டேன். போட்ட நிமிடமே தாசில்தார் வந்து அதன் மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்தது. கன்னத்தை அதில் தேய்த்தது. ஆறு மாதமாகத் தினமும் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எலி ரூமில் வேலை செய்பவன், ஆறு மாதமாகப் பூனை படுத்த துணியைக் கையில் கட்டிக்கொண்டு கூண்டுக்குள் கை விட்டிருக்கிறேன்.

என் கை உள்ளே போனதும் எலிகள் அசையாமல் இருந்தனவே, அது தூக்கம் இல்லை. பூனை வந்துவிட்டது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றிருக்கின்றன. முத்துக்காளை அண்ணனின் எலிகளுக்கு அரை மணி நேரம்தான் பயம். என் எலிகளுக்கு, உமியில் ஒட்டிய வாசத்தால், நாள் முழுக்க. அதைத்தான் மேடம் கண்ணாடி வழியாகக் காட்டிப் பதமான கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா செத்த வீட்டில் நானும் அப்படித்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "பாண்டி பரவாயில்ல, தைரியமா இருக்கான்" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை குளிக்கும் ரூமுக்குள் போகவில்லை. அக்காவும் அண்ணனும் நின்ற இடத்துக்குப் போய், துணியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தேன். "அக்கா, ஒங்க நிம்மதி எலியப் பயமுறுத்துனது நாந்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சேலை, தாசில்தார், நேற்றுச் சொன்ன பொய் எல்லாம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் துணியை எடுத்து மூக்கில் வைத்தார்.

"எதுக்குடா மாப்ள இதக் கட்டிருந்த?"

"அம்மா வாசம் வருதுண்ணே அதுல."

அண்ணன் இன்னொரு தடவை இழுத்து மோந்தார். அவருக்கு எதையும் மறைத்துப் பேச வராது. "டேய், இதுல ஆத்தா வாசம் எங்கடா இருக்கு? சுத்தமா பூன மூத்தர வாசம்டா!"

வாங்கி மோந்து பார்த்தேன். பூனைதான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. ஆறு மாதமாக அம்மா அம்மா என்று நான் மோந்தது தாசில்தாரைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அண்ணனும் சிரித்தார். அக்காவும் தலையில் கை வைத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. அம்மா போனதற்கு நான் அழுதது அன்றைக்குத்தான், மருந்து வாடை அடிக்கும் அந்த வராண்டாவில். அண்ணன் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "அழுடா, ஆனா அதுல மூக்கச் சிந்தாத, சாட்சி" என்றார்.

மேடம் முதலில் மெமோ கொடுத்தார். பிறகு டீ கொடுத்தார். டீ பாதி குடிக்கையில் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ராஜி, பூனையே வரல. வாசம் மட்டுந்தான் வந்துருக்கு. அதுக்கே குடல் காவல விட்ருச்சுன்னா, கொழாயில அடைக்கிறத விட இது பெரிய விசயம் இல்லையா?" என்றார்.

அக்கா மெதுவாக நிமிர்ந்தார். "தனியா ஒரு குரூப் வச்சு நிரூபிக்கணும் மேடம். ஒரே துணியில பாதி வாசத்தோட, பாதி தொவச்சு."

மேடம் எழுதிக் கேட்டதில் உதவித்தொகையைச் சில மாதம் நீட்டித்துக் கொடுத்தார்கள். பூனையைப் படுக்கவைக்கத் துணிதான் பிரச்சினை ஆனது. மேடம் புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தார். தாசில்தார் அதற்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்தது. அக்கா பழைய துப்பட்டா கொடுத்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முத்துக்காளை அண்ணன் தன் கைலியைக் கொடுத்தார். அதை மோந்துவிட்டு இரண்டு நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

"அந்தச் சேல மேல மட்டுந்தான் படுக்கும்க்கா" என்றேன்.

அக்கா சேலையைக் கேட்கவில்லை. கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். கேட்காததால் மறுநாள் சேலையையே கொண்டுவந்து கொடுத்தேன்.

கத்தரிக்கோலை நானே வாங்கிக்கொண்டேன். உள்ளங்கை அளவுத் துண்டுகள். மஞ்சள் பூ ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பாதியை அக்கா வெந்நீரில் பல தடவை அலசினார். பாதியை அப்படியே வைத்தார். நடுவில் அண்ணன் வந்து எட்டிப்பார்த்து, "ஆத்தா பேரு தீசிஸ்ல வருமா?" என்று கேட்டார். "துணி, பருத்தி, பழையதுன்னு வரும்ண்ணே" என்றார் அக்கா. "அதுவும் சரிதான், அது பெரும பேசாத பொம்பள" என்றார் அண்ணன்.

வாசத் துணி போட்ட கூண்டுகளில் எலிகள் எதிர்மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விறைத்துக்கொண்டன. கிருமி கொடுத்ததும் வயிறு போனது. அலசிய துணி போட்ட கூண்டுகளில் வேறு கதை. எலிகள் துணியைப் பல்லால் இழுத்து, நார் நாராகக் கிழித்து, கூடு கட்டி, அதற்குள் உருண்டையாகச் சுருண்டு, காதை மடக்கிக்கொண்டு தூங்கின. அவற்றுக்குப் புழுக்கை கெட்டியாகவே இருந்தது. ஏழு வருடத்தில் ஒரு எலி நிம்மதியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் நின்று கவனித்தது அப்போதுதான். வாலை அசைக்கும், காலை உதறும், பக்கத்தில் இருப்பதைத் தள்ளிவிடும். கூண்டு சும்மாவே இருக்காது.

அதனால் உங்கள் கை உள்ளே போனதும் எலி அசையாமல் இருந்தால் பெருமைப்படாதீர்கள். வெளியே வந்து கையை மோந்து பாருங்கள். கையில் எதையாவது கட்டியிருந்தால் யாரிடமாவது சொல்லுங்கள். முத்துக்காளை அண்ணனிடமே சொல்லலாம். மோந்து பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுவார்.

ராஜி அக்காவுக்குப் பட்டம் கிடைத்தது. அவர் அப்பா ஆட்டுக்குட்டியோடு வந்திருந்தார், மேடத்துக்குப் பரிசாம். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். "கடைசில எதுனாலயாம் போகுது?" என்று என்னைக் கேட்டார். "பூன வாசத்துக்குங்கய்யா" என்றேன். "நாய் வாசத்துக்கு ஆட்டுக்குப் போகும், அத ஏங்கிட்டக் கேட்ருக்கலாம்ல" என்றார்.

என் வயிறு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. போலீஸ் பாதிப் பேர் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அக்கா போனில் சொல்வார்.

சேலையில் ஒரு துண்டு மிஞ்சியது. அக்கா போகும்போது கவரில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கலாம் என்று துவைக்கிற கல்லுப் பக்கம் போனேன். ஓட்டை டப்பாவில் அம்மா பாதி தேய்த்து வைத்த நீலச் சவுக்காரக் கட்டி காய்ந்து கிடந்தது. நான் பவுடர் போட்டே பழகிவிட்டதால் அதைத் தொட்டதே இல்லை. தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். நுரை வந்தது. அம்மா வந்தது. மார்க்கெட்டுக்குப் போகுமுன் அவசரமாக என் தலையைத் துடைத்துவிடும்போது அதன் கையில் இருக்குமே, அதே வாசம்.

பிழிந்து கொடியில் போட்டுக் காயவைத்து, தலைமாட்டில் மடித்து வைத்துக்கொண்டு தூங்கினேன். காலையில் கண் விழித்தால், துண்டின் மேல் தாசில்தார் படுத்திருந்தது. சுருண்டு, காதை மடக்கி, நடுவில் ஒரு தடவை காலை உதறியது.

நான் அதை எழுப்பவில்லை. வேலைக்கு வெறுங்கையோடு போனேன்.